காந்தம் காட்டுவதும் காட்டாததும்

மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலம் செல்லும் பெருவழியில், திருப்பரங்குன்றத்தை எட்டுவதற்குச் சற்று முன்னர், சாலையோரமாக ஒரு சிறு குன்று நிற்கக் காணலாம். அதன் பெயரே ஊரின் பெயருமாயிற்று. அந்தப் பசுமலையின் அடிவாரத் தெருவொன்றில் எமது சின்னம்மா வசித்து வருகிறார். சில ஆண்டுகளுக்கு முன் சின்னத்தா மவுத்தானார். இத்தாவின் நான்கு மாதம் பத்து நாளும் கழிந்த பின்னரும் சின்னம்மா எழுந்து நடமாடவில்லை. உணவில் நாட்டமில்லை, உறக்கமில்லை, பேரப்பிள்ளைகள் வந்து மடியில் விழுந்தாலும் முகத்தில் மலர்ச்சியில்லை. தலை கனக்கிறது என்ற ஒன்றை மட்டும் அவ்வப்போது சொல்வார். குடும்பத்தார் கூடிப் பேசி, நகரத்து நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். கருகமணியையும் முக்காட்டு ஊசியையும் கழற்றி எம்மிடம் கொடுத்துவிட்டு, அரைமணி நேரம் இடியோசை நடுவே அவர் அசையாது கிடந்தார். மறுநாள் படத்தைக் கையில் கொடுத்த பணியாள், "ஒன்றுமில்லை பாய், எல்லாம் நார்மல்தான்" என்றார்.

அந்த 'ஒன்றுமில்லை'க்கு நாம் கொண்ட பொருளை இப்போது வெட்கத்துடன்தான் எழுதுகிறோம். ஒன்றுமில்லாததற்கா இத்தனை செலவு என்றார் ஒருவர். பிடிவாதம் என்றார் மற்றொருவர். இவ்வளவு பெரிய இயந்திரமே ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு இனி யாரிடம் காட்டுவது என்று நாமும் இருந்துவிட்டோம். ஏறக்குறைய ஓராண்டு அப்படியே கழிந்தது. பின்னர், வேறொரு காரியமாகச் சந்தித்த மனநல மருத்துவர் ஒருவர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது மூளையின் உருவப்படம். கட்டியில்லை, இரத்தக் கசிவில்லை. அதற்கு மேல் இந்தப் படத்திற்கு ஒன்றும் தெரியாது. உங்கள் சின்னம்மாவின் துயரம் இதில் விழாது."

அப்படியானால் அந்தக் காந்தம் எதைத்தான் பார்க்கிறது? இக்கேள்வி எம்மை விடவில்லை. நூல்களைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, இந்த வரலாற்றின் நூலிழை ஒன்று சின்னம்மாவின் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் அதே குன்றடியில் வந்து முடிச்சிடுவதைக் கண்டு வியந்தோம்.

அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834ஆம் ஆண்டில். 1845இல் தங்கள் குருமடத்தைத் திருமங்கலத்திலிருந்து பசுமலைக்கு மாற்றினார்கள். ஆங்கு 1881இல் வாஷ்பர்ன் என்பாரின் முயற்சியால் ஒரு கல்லூரி உருவாயிற்று. அதுவே பின்னர் வைகையின் வடகரைக்குப் பெயர்ந்து, 1909 முதல் தல்லாகுளத்துக்கும் கோரிப்பாளையத்துக்கும் இடைப்பட்ட வளாகத்தில் அமெரிக்கன் கல்லூரி என்ற பெயரில் நடந்து வருகிறது. கோரிப்பாளையம் தர்காவுக்குச் சென்று வந்த நம் வாசகர்களுக்கு அந்தச் செங்கல் கட்டடங்கள் புதியவையல்ல. ('கோர்' என்றால் பாரசீகத்தில் கப்று என்று பொருள்; அவ்வூரின் பெயர் அதிலிருந்து வந்ததென்பர்.) அக்கல்லூரியில் பயின்று பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்ற மாணவருள் ஒருவர், வத்திராயிருப்புப் பக்கத்தைச் சேர்ந்த கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் நிலபுலம் பார்த்துக்கொண்டே தமிழும் வடமொழியும் கற்றிருந்தவர்.

கே.எஸ். கிருஷ்ணன் என்றதும் பலருக்கு நினைவு வருவது இராமன் விளைவுதான். 1928இல் கல்கத்தாவில் சி.வி. இராமனோடு சேர்ந்து, ஒளி சிதறும்போது நிறம் மாறுவதைக் கண்டவர் அவர். 'நேச்சர்' ஏட்டில் வந்த முதல் அறிக்கையில் இருவர் பெயரும் இருந்தன. நோபல் பரிசு 1930இல் இராமனுக்கு மட்டும் கிடைத்தது. இது பற்றி நம் நாட்டில் பேசுவோர் ஏராளம்; நாம் அதற்குள் நுழையப் போவதில்லை. கிருஷ்ணனே அதன் பிறகு ஒளியை விட்டுக் காந்தத்தின் பக்கம் திரும்பிவிட்டார். நாம் சொல்ல வந்ததும் அதைப் பற்றியே.

டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராக இருந்தபோது அவர் எடுத்துக்கொண்ட வேலை இது. இரும்பு போன்ற சில பொருள்களைத்தான் காந்தம் இழுக்கும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் உலகிலுள்ள எல்லாப் பொருளும் காந்தத்துக்கு ஏதோ ஒரு வகையில் பதில் சொல்கின்றன. சில மெல்ல இழுக்கப்படும். தண்ணீர், மரம், சர்க்கரை போன்றவை மிக மெல்ல விலக்கப்படும். இதை 1845இல் லண்டனில் கண்டறிந்தவர் மைக்கேல் பாரடே. படிகங்கள் காந்தப் புலத்தில் ஒரு குறிப்பிட்ட திசையையே விரும்பி நிற்பதையும் பாரடே ஆராய்ந்து, அதற்கென்று தனிப்பெயரும் இட்டார். ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பழைய பெயரையே தம் ஆய்வுத் தொடருக்குத் தலைப்பாகச் சூட்டினார் கிருஷ்ணன். குஹா, பானர்ஜி என்ற இளைஞர்களோடு சேர்ந்து அவர் எழுதிய அத்தொடர் 1933 முதல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவரத் தொடங்கியது.

அவர் கையாண்ட முறையின் எளிமை வியப்புக்குரியது. ஒரு சிறு படிகத்தைத் தலைமயிரினும் மெல்லிய படிகக்கல் இழையில் கட்டிக் காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார். படிகம் தனக்கு உகந்த திசையில் நின்றுகொள்ளும். பிறகு இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்குவார். காந்தம் படிகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். முறுக்கு ஏற ஏறப் படிகம் சிறிது சிறிதாகத் திரும்பும். 45 பாகை திரும்பியதும் காந்தத்தின் பிடி தளர்ந்து, படிகம் 'சட்'டென்று சுழன்றுவிடும். அந்தக் கணத்தில் மேல்முனை எத்தனை முறுக்கப்பட்டிருந்தது என்று குறித்துக்கொண்டால் போதும். படிகத்தின் காந்தக் குணம் ஒரு திசைக்கும் மறு திசைக்கும் எவ்வளவு வேறுபடுகிறது என்பது கணக்கில் வந்துவிடும்.

இதனால் யாது பயன் என்று கேட்கலாம். பீரோவில் துணிகளுக்கிடையே நாம் போட்டு வைக்கிறோமே பாச்சை உருண்டை, அதன் பொருள் நாப்தலின். அதன் மூலக்கூறு அப்பளம் போல் தட்டையானது. தட்டையான மூலக்கூறு தன் தளத்துக்குச் செங்குத்தான திசையில்தான் காந்தத்தை மிகுதியாக விலக்கும். ஆகவே, படிகம் முழுவதும் காட்டும் காந்த வேறுபாட்டை அளந்தால், உள்ளே அந்த அப்பளங்கள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை வெளியிலிருந்தே சொல்லிவிடலாம். படிகத்தை உடைக்க வேண்டியதில்லை, கரைக்க வேண்டியதில்லை. கண்ணுக்கும் உருப்பெருக்கிக்கும் எட்டாத மூலக்கூறின் கிடையைக் காந்தத்தைக் கொண்டு, தொடாமலே படித்தறிந்தார் மதுரையில் கல்வி கற்ற இந்த மனிதர். 1936இல் இங்கிலாந்தின் காத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரோடு சேர்ந்து இதே பொருள் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். 1940இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1947இல் டில்லியின் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்துக்கு முதல் இயக்குநரானார். 1961 ஜூன் 14இல் மறைந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கிருஷ்ணன் ஸ்கேன் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று யாரேனும் மேடையில் முழங்கினால் நம்பிவிடாதீர்கள். அவர் அளந்தது எலக்ட்ரான்களின் காந்த விளைவை. ஸ்கேன் அளப்பதோ அணுக்கருவின் காந்தத்தை. இரண்டும் ஒரே கிணற்றின் இரு வாளிகள் எனலாம். ஆனால், பொருளைச் சிதைக்காமல் அதன் மூலக்கூறைக் காந்தத்தால் வினவலாம் என்ற துணிவு அந்தத் தலைமுறைக்குப் பொதுவானது. கிருஷ்ணனும் லான்ஸ்டேல் அம்மையாரும் அக்கட்டுரையை வெளியிட்ட அதே 1936ஆம் ஆண்டில், அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் இரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள்.

பாரடேயும் 1845இல் காய்ந்த இரத்தத்தைக் காந்தத்தின் முன் வைத்துப் பார்த்தவரே. இரத்தத்தில் இரும்பு இருந்தும் அது இழுக்கப்படவில்லை. புதிய, ஈரமான இரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தவர், அதைச் செய்யாமலே விட்டுவிட்டார். 91 ஆண்டுகள் கழித்துப் பாலிங்கும் கோரியலும் அதைச் செய்து முடித்தார்கள். இரத்தச் சிவப்பான ஹீமோகுளோபின் நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்ட நிலையில் காந்தத்தால் சற்றே விலக்கப்படுகிறது. அந்த வாயுவை உடலுக்குள் இறக்கிவிட்டுத் திரும்பும் நிலையிலோ இழுக்கப்படுகிறது. ஒரே பொருள், சுமை ஏற்றியபோது ஒரு குணம், சுமை இறக்கியபோது மறு குணம்! இச்செய்தி 54 ஆண்டுகள் இரசாயனப் புத்தகங்களுக்குள்ளேயே உறங்கிக் கிடந்தது.

இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்தே திரும்புகிறது என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் திமிஷ்கில் தோன்றி மிஸ்ரில் வாழ்ந்து 1288இல் மறைந்த இப்னு நஃபீஸ். அன்னாரின் கையெழுத்துப் பிரதியை 1924இல் பெர்லின் நூலகத்தில் எகிப்திய மருத்துவர் ஒருவர் கண்டெடுத்த பின்னரே உலகம் அதை அறிந்தது. மூளையில் எந்தத் திறன் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட முனைந்தவர்களுள் இப்னு சீனாவும் ஒருவர். பொதுவுணர்வு முன்னறையில், கற்பனையும் சிந்தனையும் அதையடுத்து, நினைவாற்றல் பின்னறையில் என்று அவர் வகுத்தார். அந்த அறைகள் உண்மையில் நீர் நிரம்பிய குழிகளே. சிந்தனை நடப்பது அவற்றைச் சூழ்ந்த சதையில். இடம் தவறிற்று. எனினும், ஒவ்வொரு திறனுக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு என்ற எண்ணம் வழிவழியாக வந்து சேர்ந்தது. பழம்பெரும் அறிஞர்களைப் போற்ற விரும்புவோர் அவர்களுக்கு இன்றைய இயந்திரங்களையும் சேர்த்துச் சூட்ட வேண்டியதில்லை. அவர்கள் கண்டது இது, காணாதது இது என்று சொல்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இனி அணுக்கருவின் கதைக்கு வருவோம். நம் உடலில் பெரும்பங்கு தண்ணீர்; மூளையில் ஏறத்தாழ முக்கால் பங்கிற்கும் மேல். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. ஹைட்ரஜனின் கரு ஒரு மிகச் சிறிய காந்தம். அதை வலிய காந்தத்துக்குள் வைத்தால், தலை சாய்ந்து சுழலும் பம்பரம் போல ஒரு திட்டமான வேகத்தில் தலையாட்டும். இன்று மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு வலியது. அதில் அப்பம்பரங்கள் வினாடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் முறை தலையாட்டும். அதே வேகத்துக்கு இசைந்த வானொலி அலையை வெளியிலிருந்து அனுப்பினால் அவை அதை உட்கொண்டு, பின் எதிரொலியாகத் திருப்பித் தரும். பெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செலும் தனித்தனியே இதைச் செய்து காட்டி 1946இல் வெளியிட்டார்கள். 1952இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெருங்காந்தத்தினுள்ளும் ஒரு பக்கம் சாய்பவற்றுக்கும் மறுபக்கம் சாய்பவற்றுக்கும் உள்ள வித்தியாசம் பத்து இலட்சத்துக்குச் சுமார் 5 கருக்கள்தாம். அந்த ஐந்தின் குரலையே ஸ்கேன் கேட்கிறது.

இந்தக் கட்டத்தில் நம் நாட்டார் மூவரின் பணியைக் குறிப்பிடாமல் செல்ல மனம் ஒப்பவில்லை. முதலாமவர் எஸ்.எஸ். தர்மட்டி. 1951இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஆர்னால்டு, பாக்கார்டு ஆகியோருடன் சேர்ந்து சாராயத்தை இந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். (நமக்கு விலக்கப்பட்ட பொருளாயினும் விஞ்ஞானத்துக்கு அது செய்த உதவியை மறுப்பதற்கில்லை.) சாராய மூலக்கூறில் ஆறு ஹைட்ரஜன்கள் உள்ளன. அவை ஒரே குரலில் பாடவில்லை. மூன்று, இரண்டு, ஒன்று என்று பிரிந்து மூன்று நுண்ணிய சுருதிகளில் பாடின. அதாவது ஒரு ஹைட்ரஜன் எந்த அண்டை வீட்டாரோடு வாழ்கிறது என்பதை அதன் சுருதியே சொல்லிவிடும்! தர்மட்டி பின்னர் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறையை வளர்த்தார். இரண்டாமவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஜி. சூர்யன். அவர் அதே 1951இல், ஓடும் திரவத்தின் எதிரொலி நிற்கும் திரவத்தினின்றும் வேறுபடுவதை எழுதினார். உடலுக்குள் ஓடும் இரத்தத்தைக் காந்தத்தால் அளக்கும் பிற்கால முறைகளுக்கு அது முன்னோடி. மூன்றாமவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

எதிரொலி வருகிறது, சரி. அது உடலின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று அறிவது எப்படி? 1971இல் பால் லாட்டர்பர் என்ற இரசாயனப் பேராசிரியர் பிட்ஸ்பர்க் நகரில் ஓர் உணவு விடுதியில் அமர்ந்திருந்தபோது விடை தோன்றிற்று. காந்தத்தை ஒரு பக்கம் சற்று வலிதாகவும் மறுபக்கம் மெலிதாகவும் அமைத்துவிட்டால், வலிய பக்கத்துக் கருக்கள் உயர்ந்த சுருதியிலும் மெலிந்த பக்கத்துக் கருக்கள் தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கும். சுருதியைக் கேட்டே இடத்தைச் சொல்லிவிடலாம்! தண்ணீர் நிரப்பிய இரு சிறு குழாய்களின் படத்தோடு அவர் அனுப்பிய கட்டுரையை 'நேச்சர்' ஏடு முதலில் திருப்பி அனுப்பிவிட்டது. மறுமுறை எழுதிக் கேட்ட பிறகே 1973இல் வெளியிட்டது. இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்பீல்டு படமெடுக்கும் வேகத்தைப் பெருக்கினார். இருவரும் 2003இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இடையில், 1975இல், சூரிச் நகரில் ரிச்சர்டு எர்ன்ஸ்ட், வெல்ட்டி ஆகியோருடன் சேர்ந்து, எதிரொலிகளைப் படமாக மாற்றப் பிரெஞ்சுக் கணித மேதை பூரியரின் கணக்கைப் பயன்படுத்தும் வழியை வகுத்தவர் அனில் குமார். நாம் சொன்ன மூன்றாமவர் இவரே. பெங்களூரில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர். இன்று நம் ஊர் நிலையங்களில் ஓடும் இயந்திரங்கள் அந்த வழியிலேயே நடக்கின்றன.

சின்னம்மாவின் படம் இதுவரை சொன்ன வகையைச் சேர்ந்தது. அது தண்ணீரின் படம். எங்கே தண்ணீர் மிகுதி, எங்கே அது கொழுப்போடு நெருங்கியிருக்கிறது, எங்கே வீங்கியிருக்கிறது என்று காட்டும். இறந்தவர் ஒருவரின் மூளையைப் படமெடுத்தாலும் பெரும்பாலும் அதே மடிப்புகளும் அதே அறைகளும்தாம் தெரியும். உயிரோடிருப்பவர் என்ன பாடுபடுகிறார் என்பதைச் சொல்ல வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்றின் தேடல் பழையது. சிந்தித்தால் மூளைக்கு இரத்தம் கூடும் என்று நம்பிய இத்தாலியர் ஆஞ்செலோ மோசோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆளைத் தராசு போன்ற பலகையில் படுக்கவைத்து, கணக்குப் போடச் சொல்லித் தலைப்பக்கம் தாழ்கிறதா என்று பார்த்தார்! 1890இல் இங்கிலாந்தின் ராயும் ஷெரிங்டனும், மூளையின் எப்பகுதி உழைக்கிறதோ அப்பகுதிக்கு இரத்தம் தானே பாய்கிறது என்று எழுதினார்கள். ஆனால், காந்தத்தைக் கொண்டு அதைப் பார்க்க நூறாண்டுகள் ஆயின.

1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜப்பானியரான செய்ஜி ஒகாவா எலிகளின் மூளையைக் காந்தத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தார். சாதாரணக் காற்றைச் சுவாசித்த எலியின் படத்தில் கருங்கோடுகள் பல தெரிந்தன. சுத்தமான பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்ததும் கோடுகள் மறைந்தன. அந்தக் கோடுகள், சுமை இறக்கிய இரத்தம் ஓடும் நாளங்கள். அந்த இரத்தத்தின் இரும்பு தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரின் பம்பரங்களைக் குலைத்து எதிரொலியை மங்கச் செய்கிறது. பாலிங்கும் கோரியலும் 1936இல் சொன்ன அதே குணம்! உழைக்கும் மூளைப் பகுதிக்குத் தேவைக்கும் மேலாகப் புதிய இரத்தம் பாய்வதால், அங்கே சுமை இறக்கிய இரத்தத்தின் விகிதம் குறைந்து எதிரொலி சற்றுக் கூடுகிறது. 1992இல் மனிதர்களிடம் இது உறுதியாயிற்று. ஒருவர் விரலை அசைத்தால், ஒளியைப் பார்த்தால், மூளையின் எப்பகுதி விழித்துக்கொள்கிறது என்பது கத்தியின்றி, ஊசியின்றிப் படத்தில் வந்தது. செயல்முறைக் காந்தப்படம் என்று நாம் சொல்வது இதையே.

உலகம் ஆரவாரித்தது. காதலின் இடம், கோபத்தின் இடம், பொய்யின் இடம் என்று வண்ணப்படங்கள் பத்திரிகைகளை நிறைத்தன. இங்கேதான் நிதானம் தேவைப்படுகிறது. அந்தப் படத்தின் ஒரு புள்ளி ஏறக்குறைய ஓர் உளுந்து மணி அளவு. அதற்குள் பல இலட்சம் நரம்பணுக்கள் அடங்கியிருக்கின்றன. நரம்பணுவின் பேச்சு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நடந்து முடிகிறது. இரத்தம் ஐந்தாறு வினாடி கழித்தே உச்சத்தை எட்டுகிறது. எதிரொலியின் மாற்றமும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் அடுப்பு எரிவதை வெளியே புகைக்கூண்டைப் பார்த்து அறியலாம். உள்ளே வேகுவது பிரியாணியா நெய்ச்சோறா என்று புகை சொல்லுமா? 2009இல் அமெரிக்க ஆய்வாளர் கிரேக் பென்னட் குழுவினர் கடையில் வாங்கிய செத்த சால்மன் மீனொன்றை ஸ்கேனில் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர்கள் என்ன உணர்கிறார்கள்?' என்று கேட்டார்கள். கணக்கைக் கவனமின்றிப் போட்டால், செத்த மீனின் மூளையிலும் சிந்தனை ஒளிர்ந்தது! வேடிக்கையாகச் செய்தாலும், இத்துறை தன் கணக்குகளைத் திருத்திக்கொள்ள அது உதவிற்று.

மூளையைச் சோதித்து உள்ளத்தைப் படிக்கலாம் என்ற நம்பிக்கை நீதிமன்றம் வரையிலும் சென்றது. அங்கே வந்தவை காந்தப்படங்களல்ல, மூளையின் மின்னலைச் சோதனைகள். ஆயினும் கேள்வி ஒன்றே. 2010 மே 5ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், மயக்க மருந்துச் சோதனை, பொய்யறியும் கருவி, மூளை மின்னலைச் சோதனை ஆகிய எதையும் ஒருவரின் சம்மதமின்றி அவர்மீது நடத்தலாகாது என்று தீர்ப்பளித்தது.

இரத்தத்தின் சாட்சி போதாது என்றால், மூளையின் மூலக்கூறுகளையே நேரில் விசாரிக்க இயலுமா? ஒரு வழி, தர்மட்டியின் வழி. மூளையில் தண்ணீர் மட்டும் இல்லை. வேறு பல பொருள்களும் தத்தம் சுருதியில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீரின் பேரொலியை அடக்கிவிட்டுக் காது கொடுத்தால் அவற்றைக் கேட்கலாம். அரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தில் பிரவத் மண்டல் குழுவினர், மறதி நோயுற்றோரின் மூளையில் குளூட்டாதையோன் என்ற பொருள் குறைவதை இம்முறையால் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். குறை என்னவெனில், அப்பொருள்களில் மிகுதியானவையே தண்ணீரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கின்றன. ஆகவே ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு இடத்தின் மொத்த ஒலியைப் பல நிமிடம் சேர்த்துக் கேட்டால்தான் விளங்கும். ஊக்கத்தையும் விருப்பத்தையும் தூண்டும் டோப்பமைன் போன்ற தூதுப் பொருள்களோ அதிலும் மிகச் சொற்பம். அவற்றின் குரல் இம்முறைக்குக் கேட்பதே இல்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆலன் ஜாசனாஃப் என்பார் கண்ட வழி வேறு. கேட்காத குரலைக் கேட்க ஓர் ஒற்றனை அனுப்புவது. பாக்டீரியாவின் புரதமொன்றை எடுத்துக்கொண்டார்கள். ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் ஹீம் என்ற பகுதியே இதிலும் உண்டு. அந்த இரும்பின் அருகே தண்ணீர் வந்து போகும்போது காந்த எதிரொலி மாறுகிறது. இப்புரதத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சிறு சிறு மாற்றங்களுக்கு உட்படுத்தி, டோப்பமைனை மட்டும் பற்றிக்கொள்ளுமாறு வளர்த்தெடுத்தார்கள். (இப்படிப் புரதத்தைப் பழக்கும் கலைக்காகவே பிரான்சஸ் ஆர்னால்டு அம்மையார் 2018இல் நோபல் பரிசு பெற்றார், அவரும் இம்முயற்சியில் பங்கு கொண்டவர்.) டோப்பமைன் வந்து அமர்ந்ததும் தண்ணீரின் இடம் பறிபோகிறது, எதிரொலி தாழ்கிறது. 2010இல் ஒற்றன் தயார். 2014இல் எலியின் மூளையில் அதைச் செலுத்தி, மூளையின் மற்றோரிடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, டோப்பமைன் எங்கே, எவ்வளவு சுரக்கிறது என்பதை முப்பரிமாணப் படமாக எடுத்து 'சயின்ஸ்' ஏட்டில் வெளியிட்டார்கள். மூளையின் வேலையை மூலக்கூறின் மட்டத்தில் காந்தம் பார்த்த வேளை அது.

இரத்தத்தின் படத்திலும் ஹீம் இரும்பு, இந்தப் படத்திலும் ஹீம் இரும்பு. ஆனால், முன்னதில் இரும்பு தற்செயலாக அமைந்த சாட்சி. பின்னதில் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கென்றே பழக்கி அனுப்பப்பட்ட சாட்சி. வேறுபாடு சிறிதன்று. இருந்தும், அந்தப் புரதம் இரத்தத்தில் செலுத்தினால் மூளைக்குள் நுழையாது. மூளைக்கென்று இறைவன் அமைத்த காவல் அதைத் தடுத்துவிடும். எலிக்கு மண்டையில் துளையிட்டே செலுத்தினார்கள். மனிதருக்கு அவ்வாறு செய்வதை யாரும் ஒப்பமாட்டார். ஆகவே இது மருத்துவமனைக்கு வந்துவிடவில்லை. ஆய்வுக்கூடத்து எலிகளோடு நிற்கிறது. இன்றும் தனி ஒருவரின் ஸ்கேன் படத்தைக் கொண்டு அவருக்கு மனச்சோர்வு நோய் உண்டு அல்லது இல்லை என்று அறுதியிட்டுச் சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது.

இவற்றையெல்லாம் படித்து முடித்த பிறகு அந்த மனநல மருத்துவரை மீண்டும் சென்று பார்த்தோம். அதற்குள் சின்னம்மா அவரிடம் எட்டு மாதங்கள் மருத்துவம் செய்துகொண்டிருந்தார். அவர் செய்தது பெரிய வித்தையொன்றுமில்லை. எப்போது உறங்குகிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், காலையில் எழுந்ததும் முதலில் என்ன நினைவு வருகிறது என்று மாதமொரு முறை கேட்டார். அவர் சொல்வதை முழுதும் காத்திருந்து கேட்டார். சிறிய மாத்திரை ஒன்றும் கொடுத்தார். சின்னம்மா இப்போது வாசலில் அமர்ந்து பேரப்பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுகிறார். மீன்காரரிடம் விலை பேசுகிறார். சின்னத்தாவைப் பற்றிப் பேசும்போது அழுகிறார். முன்பு அந்த அழுகையும் இல்லை. இனி ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று நாம் கேட்டோம். எதற்கு என்று கேட்டுவிட்டு, மருத்துவர் அடுத்த நோயாளியை அழைத்தார்.